பகலிலும் ஓர் இடம்

பருத்தி ஏலத்துக்குப் பேர்போன மல்லசமுத்திரத்தின் சுற்றுப்பக்கத்தில் மாரியம்மன் நோம்பி என்றால் விடிய விடியக் கூத்து நடக்கும். திரௌபதியாக வேடம் கட்டி வருபவர் ஆண்தான். பழைய வழக்கம் அது. பெண்ணாக வாழ ஏங்கிய சிலருக்கு, ஊரறியச் சேலை கட்டி நிற்க அந்த மேடை மட்டுமே கிடைத்தது. விடிந்ததும் கேலியும் அடியும்தான்.

ஜப்பானிலும் ஏறக்குறைய இதே கதை. 1629-ல் பெண்கள் மேடையேறத் தடை வந்தது. பிறகு கபுகி நாடகத்தில் ஆண்களே பெண் வேடம் கட்டிப் புகழ்பெற்றார்கள். இருபதாம் நூற்றாண்டில் டோக்கியோவின் இரவு விடுதிகள் திருநங்கைகளை ஆடவும் பாடவும் அழைத்தன. பகல் நேர வேலைகள் எளிதில் கிடைக்கவில்லை. 2003-ல்தான் திருநங்கையான அயா கமிகவா, தான் யார் என்பதை மறைக்காமல் வாக்குக் கேட்டு, டோக்கியோவின் செடகயா வட்டார மன்றத்துக்குத் தேர்வானார்.

நம் நாட்டில் வெள்ளையர் அரசு அந்த இரவு மேடையையும் பறிக்கப் பார்த்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்றதும், அதை எதிர்த்தவர்கள் சுடப்பட்ட பெருங்காமநல்லூர் நமக்கு நினைவுக்கு வரும். 1871-ல் வந்த அந்தச் சட்டத்தின் இரண்டாம் பகுதியை நாம் அதிகம் பேசுவதில்லை. வட இந்தியாவில் திருநங்கைகளின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணிக்க அது வழிசெய்தது. பதிவானவர் பெண் உடையில் தெருவில் வந்தாலோ, காசுக்கு ஆடினாலோ, வாரண்ட் இல்லாமலே கைது. 2 ஆண்டுவரை சிறை. பிழைப்பையே குற்றமாக்கிய கொடுமை இது.

2008 ஏப்ரலில் தமிழகம் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது. இந்தியாவில் அதுவே முதல். 2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. ஆனால் தீர்ப்பு காகிதத்திலிருந்து வேலைக்கு இறங்க, சேலத்துப் பெண் ஒருவர் வழக்காட வேண்டியிருந்தது.

மல்லசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது சேலம் கந்தம்பட்டி. வழக்காடிய திருநங்கை பிரித்திகா யாஷினி அந்த ஊர்க்காரர். காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்தார். படிவத்தில் ஆண், பெண் இரண்டே கட்டங்கள்; விண்ணப்பம் தள்ளுபடியானது. சென்னை உயர் நீதிமன்றம் போய்த்தான் எழுத்துத் தேர்வையே எழுத முடிந்தது. அடுத்து உடல்தகுதித் தேர்வு. நூறு மீட்டர் ஓட்டத்தில் ஒரு நொடியைச் சற்றே தாண்டிய தாமதம் பெரிய தடையாக வந்து நின்றது. 2015 நவம்பரில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு அவருக்கு வேலை தரச் சொன்னது. அடுத்த ஆள்சேர்ப்பிலிருந்து மூன்றாம் பாலினத்தவருக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்றும் உத்தரவிட்டது. தனக்காகப் போட்ட வழக்கில் பின்னால் வருபவர்களுக்கும் சேர்த்து வாங்கிக் கொடுத்துவிட்டார் என்பதே இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2017-ல் தருமபுரியில் பணியேற்றார்.

அவர் திறந்த கதவு இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. 2015-ல் தமிழக அரசு திருநங்கைகளை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. அப்படியானால் பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கைக்கு அவருடைய பிறப்புவழி ஒதுக்கீடு என்ன ஆவது என்று கேட்கிறார் திருநங்கைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு. எல்லாப் பிரிவுகளுக்குள்ளும் தனிப் பங்கு தரும் கிடைமட்ட ஒதுக்கீட்டுக்காக அவர் பல ஆண்டுகளாகப் போராடிவருகிறார். கர்நாடகம் 2021-லேயே அரசு வேலைகளில் அப்படி 1 சதவீதம் ஒதுக்கிவிட்டது. முதல் வாரியம் கண்ட மாநிலம் அதில் பின்தங்கியது சரியில்லை.