மூச்சடக்கி வாழும் கிருமி

கண்டி மாநகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் அமைந்தது. அதனைச் சூழ்ந்த மலைகளில் நல்ல காற்றுக்குக் குறைவில்லை. ஆயினும், அம்மலைகளில் உழைத்த மக்கள் உறங்கிய இடங்களில் அக்காற்று நுழைவதற்கு வழியில்லாதிருந்தது.

1867 ஆம் ஆண்டில், கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரத் தோட்டத்தில், ஜேம்ஸ் டெயிலர் என்பவர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். கோப்பி அழிந்து தேயிலை ஓங்கியபோது, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் அதற்கு உழைத்தனர். அவர்களுக்கென எழுந்தவையே லயங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஓர் அறையில் ஒரு குடும்பம் வாழ்ந்தது. இரு வரிசை அறைகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்ற லயங்களில், பின்புறம் சன்னலுக்கும் இடமில்லை. அடுப்புப் புகையும் அங்கேயே தங்கியது. இத்தகைய அறையில் சயரோகி ஒருவர் இருமினால், அக்கிருமி கலந்த காற்றையே ஏனையோரும் சுவாசிக்க நேரிடும்.

சயரோகக் கிருமியை 1882 ஆம் ஆண்டில் உலகிற்குக் காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் ரொபேட் கொக். அக்கிருமி பெருகுவதற்கு ஒட்சிசன் என்னும் பிராணவாயு இன்றியமையாதது. நுரையீரலின் மேற்பகுதியை அது பெரிதும் நாடுவதற்கு, அங்கே பிராணவாயு மிகுந்திருப்பது ஒரு காரணம் எனலாம். அவ்வாறாயின், பிராணவாயு கிட்டாதபோது கிருமி மாண்டொழிய வேண்டுமன்றோ?

இவ்வினாவுக்கு விடை தேடியவருள் அமெரிக்க ஆய்வாளர் லோறன்ஸ் வெயின் குறிப்பிடத்தக்கவர். கிருமிகளை அடைத்த குழாய்களில் இட்டு மெதுவாகக் கலக்கி வந்தார். குழாயிலிருந்த பிராணவாயுவைக் கிருமிகளே சிறிது சிறிதாக உட்கொண்டு தீர்த்தன. திடீரெனப் பிராணவாயு அற்றுப்போனால் இறந்துபடும் கிருமிகள், அது மெல்ல மெல்லக் குறைந்தபோது இறக்கவில்லை. பெருகுவதை நிறுத்தி, உறக்கநிலையை அடைந்தன. இதனை விளக்கும் கட்டுரையை அவரும் ஹேய்ஸ் என்பவரும் 1996 ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

உறங்கும் கிருமியும் உயிர்ப்பது எங்ஙனம்? மிகச் சொற்பமான பிராணவாயுவையும் பற்றிக்கொள்ளவல்ல நொதியொன்று அதனிடம் உண்டு. அதுவும் கிட்டாதவிடத்து, நைத்திரேற்று என்னும் உப்பை அது துணைக்கொள்ளும். பஞ்சகாலத்தில் தானியத்தை அளந்து உண்ணும் குடியானவனைப்போல, சிறிதளவு சக்தியை மட்டும் ஆக்கிக்கொண்டு காத்திருக்கும். இம்மாற்றத்தை நடத்துவதில் டொஸ்-ஆர் என்னும் புரதம் தலைமை வகிக்கிறது. ஐம்பதுக்குச் சற்றுக் குறைந்த மரபணுக்கள் அதன் ஆணையில் அடங்கும்.

மருந்தின் வரலாறும் இதனோடு பிணைந்தது. 1943 இல் ஸ்ரெப்ரோமைசினும், 1952 இல் ஐசோனியசிட்டின் பயனும் வெளிப்பட்டன. ஆனால் ஐசோனியசிட் போன்றவை பெருகும் கிருமியையே வன்மையாகத் தாக்குவன. உறங்கும் கிருமி எளிதில் அகப்படாது. பிற்காலத்து மருந்துகளையும் சேர்த்தளித்த பின்னரும், வழக்கமான சிகிச்சை ஆறு மாதம் நீடிப்பதற்கு இஃதொரு முக்கிய காரணம். 2012 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெடாகுவிலின், கிருமி சக்தியை ஆக்கும் பொறியையே நிறுத்துகிறது. உறக்கத்திலும் அப்பொறி ஓடியாக வேண்டுமாதலால், உறங்கும் கிருமியும் அதற்குத் தப்புவதில்லை. மற்ற மருந்துகளுக்கு அடங்காத சயரோகத்திற்கே அது பெரிதும் உதவுகிறது.

இலங்கையில் அரசினர் சயரோகச் சிகிச்சையை இலவசமாக அளிக்கின்றனர். எனினும், மலையிலிருந்து கண்டிக்கு இறங்கிவரும் தோட்டத் தொழிலாளிக்கு ஒரு நாட் கூலி நட்டமாகலாம். சில வாரங்களில் இருமல் நிற்கும், உடல் தேறும், இனி மருந்தெதற்கு என்ற எண்ணமும் எழும். இருமல் நின்றதனால் கிருமி அழிந்ததென்று கொள்ளலாகாது. அது உறங்கிக்கொண்டிருக்கலாம். மருந்தை இடையில் விட்டால் மீண்டும் விழித்தெழும். முன்னைய மருந்துக்கு அடங்காததாயும் எழக்கூடும். ஆறு மாதமும் தவறாது மருந்துண்பவரே அக்கிருமியை வெல்வர். காற்றோட்டமுள்ள வீடு, பிறருக்கு அது தொற்றாமற் காக்கப் பெரிதும் துணைபுரியும்.