நிறம் தந்த விதையும் நிறம் நீக்கும் களிம்பும்

கொல்லிமலை என்றதும் சித்தர்களும் மூலிகைகளும் நினைவுக்கு வருகின்றன. சித்த மருத்துவம் நிறமிழந்த வெண்புள்ளிகளுக்குக் கார்போகரிசியைக் கையாண்டது. 13ஆம் நூற்றாண்டில் மலகாவைச் சேர்ந்த இப்னுல் பைத்தாரும், வேறொரு செடியின் விதையை உட்கொண்டு வெயிலில் இருக்கும் முறையை எழுதிவைத்தார். இரண்டிலும் செயல்படுவது சோராலென் வகைப் பொருளே. 1940களில் எகிப்து மருத்துவர் எல் முஃப்தி அதனை நவீன மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார்.

சோராலெனோடு தரவேண்டிய ஒளியின் அளவை முடிவுசெய்யவே 1975இல் ஹார்வர்டின் ஃபிட்ஸ்பாட்ரிக் தோலை வகைப்படுத்தினார். முதலில் வெண்தோலுக்கு மட்டுமே; பழுப்பும் கருமையும் பின்னரே சேர்ந்தன. அதே 1975இல்தான் ஃபேர் அண்டு லவ்லி இந்தியச் சந்தைக்கு வந்தது!

நிறமி உண்டாக்கும் உயிரணுக்கள் எல்லா நிறத்தாரிடமும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். நம் தோலில் அவை மிகுதியாக உழைக்கின்றன. அதனால்தான் பரு ஆறிய இடத்தில் கருமை தங்குகிறது. வெயில் படாமல் காத்தால் பெரும்பாலும் சில மாதங்களில் மங்கும். பொறுக்காமல் ஸ்டீராய்டு களிம்பைத் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து சிவக்கும், முடி முளைக்கும், நிறுத்தியதும் கருமை திரும்பும். 2018இல் இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என மத்திய அரசு ஆணையிட்டது. ஆயினும் நிக்காஹ் தேதி குறித்ததும் அவற்றைத் தேடி மருந்துக்கடைக்குச் செல்லும் வீடுகள் நம்மிடையே இன்னும் உள்ளன.