கத்தரியும் கணிப்பொறியும்

அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. 400 பாடல்கள் நமக்குக் கிட்டின. தொகையில் இடம்பெறாது நின்றவை எத்தனை, அவை எங்குப் போயின என்பதைச் சொல்வார் இல்லை. திரைப்படத்துறையின் 'எடிட்டிங்' என்னும் தொழிலுக்குப் 'படத்தொகுப்பு' என்று பெயரிட்டவர் யாராயினும் பொருத்தமாகவே இட்டார். ஒரு வேறுபாடு உண்டு. படத்தொகுப்பாளர் தாம் விலக்கியதை எறிந்துவிட இயலாது. நாளையே இயக்குநர் வந்து அதைக் கேட்கக்கூடும்.

படச்சுருள் காலத்து எடிட்டிங் அறையை அறியாத இளைஞர்களுக்காகச் சிறிது கூறவேண்டும். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓரடிக்கு 16 சட்டங்கள்; ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடும்; 1000 அடிச் சுருள் ஏறத்தாழ 11 நிமிடம். மூவியோலாவில் ஓட்டிப் பார்த்து, மெழுகுப் பென்சிலால் குறியிட்டு, வெட்டி, ஒட்டுவர். வெட்டிய துண்டுகள் துணி விரித்த தொட்டியின்மேல் வரிசையாக ஊசிகளில் தொங்கும். மூன்று வாரங்களுக்கு முன் கழித்த ஒரு பார்வை, ஒரு தலையசைப்பு மீண்டும் வேண்டுமென்றால் அதைத் தேடி எடுத்துக் கொடுப்பவர் உதவியாளர். அவருடைய நினைவே அவ்வறையின் அட்டவணை. துண்டைத் தேடித் தந்தவர் அங்கேயே நின்று, அது எங்கே, எதற்காகச் சேர்கிறது என்பதையும் கண்டார். பாடசாலை அதுவே. கிருஷ்ணன்-பஞ்சுவிடம் உதவித் தொகுப்பாளராகத் தொடங்கிய ஏ. பீம்சிங் பின்னர்ப் பெரும் இயக்குநரானார். அவர் மகன் பி. லெனின் தமிழகத்தின் தலைசிறந்த தொகுப்பாளருள் ஒருவரானார்.

கத்தரியை விலக்கும் முயற்சி அமெரிக்காவில் 1971-இலேயே தொடங்கியது. அவ்வாண்டு வெளிவந்த சி.எம்.எக்ஸ். 600 என்னும் பொறியைக் கணிப்பொறியே இயக்கிற்று. ஆயினும் அதன் வட்டுகளில் பதிந்த படங்கள் எண்மமாக மாற்றப்பட்டவை அல்ல, கறுப்பு-வெள்ளையும்கூட. 1984-இல் லூகாஸ் நிறுவனம் காட்டிய எடிட்ராய்டு லேசர் வட்டுகளை நம்பியது, அதுவும் நிலைக்கவில்லை. படத்தையே எண்களாக்கி வட்டில் வைத்த அவிட், மெக்கின்டாஷ் கணிப்பொறியின் துணைகொண்டு 1989-இல் சந்தைக்கு வந்தது. இதுவே வென்றது.

தமிழர்க்கு இதில் ஒரு தனிப்பங்கு உண்டு. அவிட் கொண்டு தொகுக்கப்பெற்ற முதல் இந்தியத் திரைப்படம் என்று குறிக்கப்பெறுவது, 1994 பொங்கலுக்கு வெளியான கமல்ஹாசனின் 'மகாநதி'யாகும்.

அக்காலத்தில் படம் கணிப்பொறியில் தொகுக்கப்பட்டதே ஒழிய, கணிப்பொறியில் முடிக்கப்படவில்லை. படச்சுருளை வீடியோவாக்கி, அதை எண்மமாக்கி, தொகுத்து முடித்தபின் வெளிவருவது ஓர் எண் பட்டியல். அப்பட்டியலைப் பார்த்து, நெகட்டிவின் ஓரத்து எண்களுடன் ஒப்பிட்டு, ஒருவர் மூல நெகட்டிவை வெட்டவேண்டும். படச்சுருள் விநாடிக்கு 24 சட்டம். நம் நாட்டு வீடியோ 25. இக்கணக்கில் ஒரு சட்டம் பிசகினாலும் வெட்டு தவறிவிடும். நெகட்டிவில் தவறிய வெட்டைத் திருத்துவது அரிது. ஒட்டும்போது சட்டத்தின் ஒரு பகுதி அழிந்தே தீரும். தம் விரலால் அளந்து வெட்டிப் பழகியவர்கள், கண்ணுக்குத் தெரியாத ஓர் எண்ணை நம்பி அந்த நெகட்டிவை ஒப்படைத்தார்கள். முதல் தலைமுறையினர் அஞ்சியதில் வியப்பில்லை.

வட்டுகளில் இடம் குறைவாதலால் படத்தை மிகவும் சுருக்கியே ஏற்றினர். நடிகரின் கண் கலங்கியதா, ஒளிவில்லை குவியம் தவறியதா என்பதைத் திரையில் முடிவு செய்ய இயலாமல், படியெடுத்துப் போட்டுப் பார்த்தே தெளிந்தனர். இக்குறைகள் சில ஆண்டுகளில் தீர்ந்தன.

தீராதவை வேறு. 'தி இங்கிலீஷ் பேஷன்ட்' (1996) படத்தைப் பாதிவரை படச்சுருளிலும் பிறகு அவிட்டிலும் தொகுத்து ஆஸ்கர் பெற்ற வால்ட்டர் மர்ச், புதிய பொறியை வரவேற்றவரே. ஆயினும், ஒரு காட்சியைத் தேடிச் சுருளை ஓட்டுகையில் தேடாத வேறொன்று கண்ணில் பட்டு, அதுவே சிறந்ததாக அமைந்த அனுபவம், கேட்டதை மட்டும் உடனே தரும் கணிப்பொறியில் குறைந்துபோனதாக அவர் எழுதியுள்ளார். சுருளைத் திருப்பிச் சுற்றும் நேரம் வீணான நேரம் என்றே நாமும் எண்ணியிருந்தோம்.

மற்றொன்று, எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, உதவியாளரின் நிலை. படங்களைக் கணிப்பொறியில் ஏற்றும் பணி இரவில் நடைபெறலாயிற்று. விலையுயர்ந்த அப்பொறியைப் பகலெல்லாம் தொகுப்பாளர் கையாள, இரவில் உதவியாளர் தனியே அமர்ந்து ஏற்றினார். தொகுப்பாளர் வரும்போது அவர் வீடு திரும்பினார். பக்கத்தில் நின்று கற்கும் வாய்ப்பு இவ்வாறு, எவரும் திட்டமிடாமலே, சுருங்கியது. பொறி எளிதாகிவிட்டதால் பலர் வீட்டிலிருந்தே கற்கிறார்கள் என்பது உண்மை. அது பெரும் நன்மையுங்கூட. ஆனால் எங்கே வெட்டக்கூடாது என்பதை அருகிருந்து காட்டும் ஆளுக்கு அது ஈடாகுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

இன்றைய தொகுப்புப் பொறிகளில் காட்சிகளைச் சேர்த்துவைக்கும் கோப்புறைக்குப் 'பின்' என்று பெயர். துணி விரித்த அந்தத் தொட்டியின் பெயர்தான் அது.