நேரம் பார்த்துப் பதியும் பழைய பெட்டி

1932 டிசம்பரில் பிபிசி தன் எம்பயர் சர்வீஸைத் தொடங்கியபோது அதற்கு வந்த பெரிய தலைவலி கடிகாரம்தான். லண்டனில் மாலை என்றால் ஆஸ்திரேலியாவில் விடியற்காலை, கனடாவில் பகல். ஒரே நிகழ்ச்சியை ஒவ்வொரு நாட்டுக்கும் தோதான நேரத்தில் திரும்பத் திரும்ப நடத்திக்கொண்டிருக்க எந்தப் பாடகரால் முடியும்? பிளாட்னர்ஃபோன் என்ற இயந்திரம் கைகொடுத்தது. எஃகு நாடாவில் ஒலியைக் காந்தமாகப் பதிந்துவைத்து, வேண்டும்போது ஒலிபரப்பலாம். அதன் வழியில் வந்த மார்க்கோனி-ஸ்டில் கருவியில் நாடா விநாடிக்கு ஒன்றரை மீட்டர் ஓடியது. அரைமணி நேர நிகழ்ச்சிக்குக் கிட்டத்தட்ட 2.7 கிலோமீட்டர் எஃகு! அறுந்தால் உலோகத்தைப் பற்றவைத்துத்தான் சேர்க்க வேண்டும்.

அமெரிக்காவிலும் இதே தொல்லை. கிழக்குக் கரைக்கு ஒருமுறை பாடிவிட்டு, மேற்குக் கரைக்காகச் சில மணி நேரம் கழித்து மறுபடி பாட வேண்டும். பாடகர் பிங் கிராஸ்பிக்கு இது பிடிக்கவில்லை. போர் முடிந்ததும் ஜெர்மனியிலிருந்து மேக்னட்டோஃபோன் என்ற நாடாப் பதிவுக் கருவிகளைக் கொண்டுவந்திருந்த ஜாக் மல்லினைக் கூட்டிக்கொண்டு, 1947இல் தன் வானொலி நிகழ்ச்சியை நாடாவில் பதியத் தொடங்கினார். அத்தகைய கருவிகளைச் செய்ய ஆம்பெக்ஸ் என்ற சிறு நிறுவனத்துக்கு 50,000 டாலரும் கொடுத்தார்.

அதுவரை நிலையங்களின் வசதிக்காக நடந்த வேலை, 1963இல் பிலிப்ஸ் கேசட்டைக் கொண்டுவந்த பிறகு வீட்டுக்குள் நுழைந்தது. ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டியில் பதிவுப் பொத்தானை அழுத்திவைத்து, மின்சாரத்தை மட்டும் டைமர் வழியாகக் கொடுத்துவிட்டு வெளியே போனவர்கள் பலர். சொன்ன நேரத்துக்கு மின்சாரம் வரும், நாடா ஓடும். ஆனால் சி-90 கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம்தான்; கச்சேரி அதற்குள் முடிந்தால் அதிர்ஷ்டம். வீட்டில் பதிந்துவைத்துப் பிறகு பார்ப்பது குற்றமா என்ற கேள்வி சோனியின் வீடியோ கருவியை முன்னிட்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1984இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், மயிரிழையில், குற்றமில்லை என்று தீர்ப்பானது.

கணினி உலகத்தில் இந்த டைமரின் வேலையைச் செய்ய வந்தது கிரான் என்ற நிரல். 1979இல் வெளியான யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பில் அது எளிமையாகவே இருந்தது: நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, பட்டியலைப் படித்து, அந்த நிமிடத்துக்கு வேலை இருந்தால் செய்துவிட்டு மறுபடி தூங்கும். அது ஓடிய பிடிபி-11 கணினியின் 16 பிட் முகவரி, ஒரே வீச்சில் 64 கிலோபைட்டுக்கு மேல் எட்டாது. இன்று லினக்ஸில் பலரும் பயன்படுத்துவது 1987இல் பால் விக்சி எழுதியதன் வழிவந்தது. பட்டியலின் வடிவம் மட்டும் அன்றுபோலவே இருக்கிறது. ‘30 17 * * 0’ என்று எழுதினால் ஞாயிறுதோறும் மாலை ஐந்தரை. அதே வரியில் ஒலிப்பதிவு நிரலின் பெயரையும் 1800 விநாடி என்ற அளவையும் சேர்த்துவிட்டால் அரைமணி நேரப் பதிவு தயார். கோப்பின் பெயரில் தேதி வர வேண்டும் என்று சதவீதக் குறியைப் போட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். கிரான் அந்தக் குறியை வரி முடிவாக எடுத்துக்கொள்ளும். முன்னால் ஒரு பின்சாய்கோடு போடாவிட்டால் பதிவே நடக்காது.

பழைய கணினியில் லினக்ஸைப் போட்டு ரேடியோ பதிவதைச் சிக்கனக்காரரின் சமாளிப்பு என்று பேசுவோர் உண்டு. லினக்ஸ் பிறந்த கதையைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் அதை எழுதிய 386 கணினியில் இருந்தது 4 மெகாபைட் நினைவகம். வெறும் 2 மெகாபைட் வைத்திருந்த ஒருவர் இடம் போதவில்லை என்று கேட்டதால், நினைவகத்தில் கொள்ளாததை வன்தட்டுக்குத் தள்ளும் வசதியை எழுதி 1992 ஜனவரியில் 0.12 பதிப்பில் சேர்த்தார். அதே 1992இல் ஹன்னு சவோலைனென் சவுண்ட் பிளாஸ்டர் கார்டுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதினார். யூனிக்ஸ் வழக்கப்படி சவுண்ட் கார்டும் ஒரு கோப்பாகவே தெரிந்தது. அந்தக் கோப்பைப் படித்து இன்னொரு கோப்பில் கொட்டினால் அதுவே ஒலிப்பதிவு!

1998இல் யாரோஸ்லாவ் கிசெலா தொடங்கிய ஆல்சா என்ற ஒலி அமைப்பு, 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6 கெர்னலில் அந்தப் பழைய டிரைவரின் இடத்தைப் பிடித்தது. அதனோடு வந்த ஏ-ரெக்கார்ட் என்ற சிறு நிரல்தான் கிரான் வரியின் நிரந்தரத் துணை. ஒரு குறும்பும் கூடவே வந்தது: ஆல்சாவில் ஒலி அளவுகள் ஆரம்பத்தில் ஊமையாகவே இருக்கும். மிக்ஸர் திரையில், ரேடியோவின் வயரைச் செருகும் லைன்-இன் துளைக்கான பட்டைக்குப் போய், ஸ்பேஸ் பட்டனைத் தட்டிப் பதிவைத் திறக்க வேண்டும். இதை மறந்தால் குறித்த நேரத்தில், குறித்த அளவில், அழகான பெயரோடு ஒரு மணி நேர மௌனம் பதிவாகியிருக்கும்.

இந்த வேலையில் நினைவகம் ஒரு பொருட்டே இல்லை. சிடி தரத்தில் விநாடிக்கு 1,76,400 பைட். வருவதை உடனுக்குடன் வன்தட்டில் எழுதிவிடலாம். இடிப்பது வன்தட்டுதான்: மணிக்கு 635 மெகாபைட். பேச்சுக்கு மோனோவும் 22,050 மாதிரிகளும் போதும் என்று இறங்கினால் அது நாலில் ஒரு பங்காகும். பதிந்துகொண்டே எம்பி3 ஆக்கப் பழைய பென்டியம் திணறும். அதனால் பகலில் வேவ் கோப்பாகப் பதிந்து, இரவில் இன்னொரு கிரான் வரியால் அதைச் சுருக்கினார்கள். வேவ் கோப்பின் அளவைக் குறிக்கும் இடம் 32 பிட் என்பதால் 4 ஜிபிக்கு மேல் நீளாது. சிடி தரத்தில் ஆறே முக்கால் மணி நேரம். மத்திய அலை கேட்பவர்களுக்கு வேறொரு பிரச்சினை. கணினியே இரைச்சலைக் கக்கும் என்பதால் ரேடியோவைத் தள்ளிவைத்து, நீள வயரில் இணைக்க வேண்டியிருந்தது.

ஒட்டடை படிந்த கணினிகளைத் தூக்கி நிறுத்தியதில் 2003இல் வந்த இரண்டு சிறு லினக்ஸ்களுக்குப் பங்குண்டு: பேரி காலரின் பப்பி, 50 மெகாபைட்டுக்குள் அடங்குவேன் என்று சபதம் போட்ட டேம் ஸ்மால். திரையும் விசைப்பலகையும் இல்லாமல் மூலையில் கிடக்கும் பெட்டிக்கு இவையே அதிகம்.

பொழுதுபோக்குக்கு அப்பாலும் தேவை இருந்தது. பிரிட்டனில் வானொலி நிலையங்கள் தங்கள் ஒலிபரப்பின் பதிவை 42 நாள் வைத்திருக்க வேண்டும். இந்தியச் சமுதாய வானொலிக்கு மூன்று மாதம். 2004இல் சென்னையில் தொடங்கிய அண்ணா எஃப்எம் முதற்கொண்டு எல்லாருக்கும் இது பொருந்தும். இருபத்துநான்கு மணி நேரமும் மணிக்கொரு கோப்பாகப் பதிந்து, கெடு தாண்டியதை அழிக்கும் இந்த வேலைக்குப் புதுக் கணினி வாங்குவது வீண் செலவு.

2025 ஆகஸ்டில் வந்த டெபியன் லினக்ஸின் 13ஆம் பதிப்பு, பழைய 32 பிட் கணினிகளில் நேரடியாக நிறுவும் வழியை நிறுத்திவிட்டது. பலர் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிக்கு மாறியிருக்கிறார்கள். 2012இல் வந்த முதல் பையில் நினைவகம் 256 மெகாபைட். கிரான் வரி அப்படியே ஓடும். ஆனால் அந்த முதல் பையில் லைன்-இன் துளை இல்லை, மின்சாரம் போனால் நேரத்தைக் காப்பாற்றும் பேட்டரிக் கடிகாரமும் இல்லை. யுஎஸ்பி சவுண்ட் கார்டையும் கடிகாரப் பலகையையும் தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டும். பழைய பெட்டியில் இரண்டும் மதர்போர்டிலேயே இருந்தன: பின்பக்கம் நீல நிறத் துளை, உள்ளே நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி.