உருளைக்கிழங்குக்கு ஒரு கலவரம்

நடவு முடிந்து கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. ராத்திரி மோட்டார் ஷெட்டில் கரண்டுக்குக் காத்திருக்கும்போது கையில் ஏதாவது புத்தகம் இருக்கும். இந்தத் தடவை படித்தது ரஷ்ய வரலாறு. வயலுக்கும் ரஷ்யாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

பாவெல் கிசெலியோவ் என்று ஒருத்தர். 1788-ல் மாஸ்கோவில் பிரபு குடும்பத்தில் பிறந்தவர். 1812-ல் நெப்போலியன் படையெடுத்து வந்தபோது போரோதினோ போர்க்களத்தில் நின்றவர். அதற்கப்புறம் ஜார் முதலாம் அலெக்சாந்தருக்கு உதவித் தளபதியாக இருந்தார். அந்தக் காலத்து ரஷ்யாவில் கோடிக்கணக்கான குடியானவர்கள் பண்ணையாருக்குச் சொந்தம். நிலத்தை விற்றால் ஆளும் சேர்ந்தே போவான். 1816-லேயே, இருபத்தெட்டு வயசில், இந்த அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கலாம் என்று ஜாருக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார் இந்த மனுஷன். பிரபு வீட்டுப் பையன் அப்படி எழுதுவது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் அந்தக் காகிதம் அப்படியே கிடந்தது.

அப்புறம் துருக்கியோடு யுத்தம் வந்தது. இன்றைக்கு ருமேனியா என்று சொல்கிற பகுதியில் இருந்த மொல்தாவியா, வலாக்கியா என்ற இரண்டு சிற்றரசுகள் ரஷ்யாவின் கைக்கு வந்தன. 1829-லிருந்து 1834 வரை அங்கே நிர்வாகம் கிசெலியோவ் பொறுப்பில். போனபோது அங்கே பிளேக், காலரா, பஞ்சம். அதைச் சமாளித்து, வரி, நீதிமன்றம், நிர்வாகம் எல்லாவற்றுக்கும் எழுத்துப்பூர்வமான சட்டம் கொண்டுவந்தார். புக்கரெஸ்ட் நகரத்தில் மரங்கள் அடர்ந்த பெரிய சாலை ஒன்று இன்றைக்கும் அவர் பேரில்தான் இருக்கிறது. அந்நிய நாட்டு அதிகாரி பேரை ஒரு ஊர் இவ்வளவு காலம் வைத்திருக்கிறது என்றால், ஏதோ உருப்படியாகச் செய்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்?

அவர் திரும்பி வந்ததும் ஜார் முதலாம் நிக்கோலாஸ், குடியானவர் விஷயத்தை அவரிடம் ஒப்படைத்தார். 1837 கடைசியில் அரசு நிலங்களுக்கென்றே புதிய அமைச்சகம், அதற்கு முதல் அமைச்சர் கிசெலியோவ். பண்ணையாருக்குச் சொந்தமில்லாமல் அரசாங்கத்து நிலத்தில் உழுத குடியானவர்கள் அவர் பொறுப்பு. ரஷ்யக் குடியானவர்களில் ஏறத்தாழ பாதிக்குக் கொஞ்சம் குறைவான பேர் இவர்கள். இவர்கள் நிலைமையைச் சரிசெய்து காட்டினால், பண்ணை அடிமைகளுக்கும் வழி பிறக்கும் என்பது கணக்கு.

அவர் செய்ததைக் கேளுங்கள். நிலம் பத்தாதவர்களுக்கு நிலம், நெருக்கடியான ஊர்களிலிருந்து காலியான இடங்களுக்குக் குடியேற்றம், சின்னக் கடன் கொடுக்க ஏற்பாடு, கிராமப் பள்ளிக்கூடம், வைத்தியர், அம்மை குத்துதல், பஞ்ச காலத்துக்குத் தானியக் கிடங்கு. காகிதத்தில் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரு விவசாயியாக எனக்கே பொறாமையாக இருந்தது.

அப்புறம்தான் உருளைக்கிழங்கு வந்தது.

1839, 1840 வாக்கில் பல மாகாணங்களில் விளைச்சல் பொய்த்தது. ரஷ்யக் குடியானவன் கம்பு மாதிரி ஒரு தானியத்தை, ரை என்று சொல்வார்கள், அதை நம்பித்தான் வாழ்ந்தான். அது போனால் பட்டினி. உருளை மண்ணுக்குள் விளைவது. ரை காய்ந்துபோகிற வருஷத்திலும் ஏதாவது கிடைக்கும். அதனால் ஒவ்வொரு ஊரிலும் பொது நிலத்தில் கொஞ்சம் ஒதுக்கி, ஊரே சேர்ந்து உருளை போட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். நன்றாக விளைவித்தவனுக்குப் பரிசும் உண்டு. யோசனை தப்பா? இல்லவே இல்லை. இன்றைக்கு உருளை இல்லாத ரஷ்யச் சமையலை நினைத்துப் பார்க்க முடியுமா?

ஆனால் ஜனங்கள் எதிர்த்தார்கள். சும்மா முணுமுணுக்கவில்லை, கலகமே செய்தார்கள். 1840-லிருந்து 1844 வரை பெர்ம், வியாத்கா, கசான் எனப் பல மாகாணங்களில் லட்சக்கணக்கானவர்கள் இறங்கினார்கள். வரலாற்றில் இதற்கு உருளைக்கிழங்குக் கலவரம் என்றே பேர். கசான் மாகாணத்தில் சுவாஷ், மாரி மக்கள் 1842-ல் திரண்டு நின்றதை அக்ராமோவோ யுத்தம் என்று சொல்கிறார்கள். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூடு, கசையடி, நாடு கடத்தல். கிழங்குக்காக மனுஷன் செத்தான்.

ஏன் இப்படி? உருளையைப் பிசாசு ஆப்பிள் என்று சொன்னார்கள், அதைத் தின்றால் பாவம் என்று பழைய நம்பிக்கைக்காரர்கள் ஒதுக்கினார்கள். படித்தவர்கள் இந்தக் காரணத்தைத்தான் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்கு அது முழுக் காரணமாகப் படவில்லை.

அந்த ஊர்க்காரன் இடத்தில் நின்று பாருங்கள். நேற்று வரைக்கும் பொது நிலம் ஊர்க்கூட்டம் பேசி முடிவெடுத்த நிலம். இன்றைக்குப் புது அமைச்சகம், புது அதிகாரிகள், அடுக்கு மேல் அடுக்கு. அத்தனை பேருக்கும் சோறு போடுவது யார்? ஊர்தான். பேரேடு தூக்கிக்கொண்டு வருகிறவன், உன் நிலத்தில் நான் சொல்வதை நீங்கள் எல்லாரும் சேர்ந்து பயிர் செய் என்கிறான். அடுத்தவன் சொல்வதை அடுத்தவன் நிலத்தில் கூட்டமாகப் பயிர் செய்கிறவன் யார் அந்த நாட்டில்? பண்ணை அடிமை. நம்மை யாரோ பண்ணையாருக்குக் கைமாற்றிவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. அவர்கள் பயந்தது கிழங்குக்கு இல்லை, அதுக்குப் பின்னால் வருவதுக்கு. அடிமை முறையே பிடிக்காத மனுஷன் போட்ட உத்தரவை, ஜனங்கள் அடிமைச் சாசனமாகப் படித்தார்கள். இதைவிடக் கொடுமை ஒரு சீர்திருத்தக்காரனுக்கு என்ன வேண்டும்?

கடைசியில் கட்டாயத்தைக் கைவிட்டார்கள். சொல்லிப் புரியவைப்பது, விதை கொடுப்பது, பரிசு கொடுப்பது என்று மாறினார்கள். அப்புறம் உருளை தானாகவே பரவியது. பக்கத்து வீட்டுக்காரன் குழியிலிருந்து கிழங்கு எடுப்பதைப் பார்த்தவன், அடுத்த வருஷம் தானும் நட்டிருப்பான். விவசாயி கண்ணால் பார்த்துத்தான் நம்புவான், நானும் அப்படித்தான்.

கிசெலியோவின் பெரிய கனவும் பாதியில் நின்றது. பண்ணையார் விருப்பப்பட்டால் குடியானவனோடு ஒப்பந்தம் போட்டு விடுவிக்கலாம் என்று 1842-ல் ஒரு சட்டம் வந்தது. விருப்பப்பட்டால்! சுமார் 25,000 ஆண்கள்தான் அதனால் பயனடைந்தார்கள். 1856-ல் அவரைப் பாரிசுக்குத் தூதராக அனுப்பினார்கள். 1861-ல் அடிமை முறை ஒழிந்தபோது அவர் அங்கே இருந்தார். அந்தச் சட்டத்தை உருவாக்கியதில் முன்னால் நின்றவர் நிக்கோலாய் மிலியூத்தின், கிசெலியோவின் தங்கை மகன். மாமன் விட்ட இடத்தில் மருமகன் பிடித்துக்கொண்டார். அவரையும் வேலை முடிந்த சில வாரங்களிலேயே பதவியிலிருந்து நகர்த்திவிட்டார்கள். மாமன், மருமகன் இருவரும் 1872-லேயே காலமானார்கள். விடுதலை பெற்ற குடியானவனோ, தான் உழுத நிலத்துக்கே 49 வருஷத் தவணை கட்ட வேண்டும் என்று எழுதிவைத்திருந்தது. அது வேறு கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இப்போது என் சம்பந்தத்துக்கு வருகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒற்றை நாற்று நடவு கற்றுக்கொண்டு வந்தேன். பதினாலு நாள் நாற்று, குத்துக்கு ஒண்ணு, இருபத்தஞ்சு சென்டிமீட்டர் இடைவெளி, களையெடுக்கக் கோனோவீடர். என் வயலில் நன்றாக வந்தது. தெம்பு கூடிவிட்டது. சித்தப்பாவின் ஒன்றரை ஏக்கருக்கும் அதுதான் என்று நானே முடிவு செய்து, அவரைக் கேட்காமலே நாற்றங்காலும் போட்டுவிட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் பார்த்தால் பழையபடி கொத்துக் கொத்தாக நட்டுக்கொண்டிருக்கிறார். என் நாற்று வெயிலில் கிடக்கிறது. "நல்லது சொன்னா கேக்கவே மாட்டீங்களா?" என்று வரப்பில் நின்று கத்தினேன். ஆட்கள் எல்லாரும் பார்த்தார்கள். அதற்கப்புறம் இரண்டு வருஷம் எங்களுக்குள் சரியான பேச்சு இல்லை.

புத்தகத்தை மூடியதும் மனசு கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு ஏன் சித்தப்பா வேண்டாம்னீங்க என்று கேட்டேன். இவ்வளவு நாளும் அதைக் கேட்கவே இல்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "உன் வயலுக்குப் போர் இருக்கு தம்பி. எனக்கு ஏரித் தண்ணிதான். பச்சக் குழந்த மாதிரி நாத்து, ஒத்தையா நட்டு, பத்து நாள் தண்ணி வரலைன்னா என்ன ஆகும்? விளையும்னு சொன்னே, சரி. பொய்ச்சா யாரு கஞ்சி ஊத்துவான்னு நீ சொல்லலையே."

என்னிடம் பதில் இல்லை. ஏரிப் பாசனத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

இந்த வருஷம் அவர் வயலில் ஒரு மூலை, பத்து சென்ட் மட்டும் ஒற்றை நாற்று. தண்ணி வராவிட்டால் என் போரிலிருந்து குழாய் இழுத்து விடுகிறேன், பொய்த்தால் அந்தப் பத்து சென்ட் நெல்லை நான் அளந்துவிடுகிறேன் என்று பேச்சு. இடத்தை அவரேதான் காட்டினார். நட்டு பன்னிரண்டு நாள் ஆகிறது. நேற்று சாயங்காலம் போனபோது அவர் அந்த மூலையில்தான் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை.

அறுவடை முடிந்ததும் என்ன ஆனது என்று இங்கேயே எழுதுகிறேன்.