வீராங்கனை: ஒரு சொல்லின் சரித்திரம்

'பீராங்கனா' என்ற வங்காளிச் சொல்லுக்கு நமக்கு அகராதி தேவையில்லை. நம்முடைய வீராங்கனைதான். வங்காளி நாக்கில் வகரம் பகரமாகிவிடுகிறது. தமிழில் இன்று ஓட்டப் பந்தயத்தில் பதக்கம் வாங்கும் பெண்ணை இப்படிச் சொல்கிறோம். 1971 டிசம்பர் 16இல் பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் சரணடைந்தது. அதற்குப் பின் அதிக நாள் போகுமுன்பே புதிய வங்காள தேச அரசு இதே சொல்லை வேறு பெண்களுக்குப் பட்டமாக வழங்கியது. மார்ச் 25 இரவு தொடங்கி ஒன்பது மாதம் நடந்த யுத்தத்தில் ராணுவத்தினராலும் அவர்களுடைய உள்ளூர்த் துணைப் படைகளாலும் பலாத்காரம் செய்யப்பட்ட பெண்கள் இவர்கள். எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. அரசு 2 லட்சம் என்றது. 4 லட்சம் என்றவர்கள் உண்டு. மிகவும் குறைத்துச் சொல்லும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. இந்த எண்ணிக்கைச் சண்டையில் இறங்க எனக்கு உத்தேசமில்லை. எண்ணப்பட்ட பெண்களிடம் யாராவது ஏதாவது கேட்டார்களா என்பதுதான் என் கேள்வி.

பட்டம் கொடுத்தவர்களின் எண்ணத்தில் கோளாறு இருந்ததாக நான் சொல்லவில்லை. பலாத்காரத்துக்கு உள்ளானவளை வீட்டுப் படி ஏறவிடாத சமூகத்தில், ஓர் அரசாங்கம் அவளைப் பகிரங்கமாக வீரப் பெண் என்று அழைத்தது சாதாரணக் காரியமல்ல. ஷேக் முஜிபுர் ரஹ்மான் அவர்களைத் தன் மகள்கள் என்று சொன்னார். குடும்பங்கள் அவர்களை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1972 தொடக்கத்தில் பெண்கள் புனர்வாழ்வு வாரியம் அமைக்கப்பட்டது. கைத்தொழில்கள் கற்றுத்தரப்பட்டன. இளைஞர்கள் இவர்களை மணக்க முன்வர வேண்டும் என்ற பிரசாரமும் நடந்தது. முன்வந்த சிலர் விலை கேட்டார்கள். கேட்கப்பட்டவற்றில் புது மாடல் ஜப்பான் காரும், பிரசுரமாகாத கவிதைகளைப் பிரசுரித்துத் தர வேண்டும் என்பதும் இருந்ததாக சூசன் பிரௌன்மில்லர் 1975இல் வெளியான தன் நூலில் குறிப்பிடுகிறார். சிறுபத்திரிகை வாசகர்கள் இரண்டாவது கோரிக்கையைச் சிரித்துத் தள்ளிவிட வேண்டாம்.

இந்தத் துணைக்கண்டத்தில் அரசு பெண்களைக் 'காப்பாற்றியது' இது முதல் தடவையல்ல. பிரிவினையின்போது கடத்தப்பட்ட பெண்களை மீட்பதற்காக இந்திய அரசு 1949இல் ஒரு சட்டம் இயற்றியது. ஒருத்தி எந்த நாட்டுக்குப் போக வேண்டும் என்பதை அந்தச் சட்டத்தின்கீழ் போலீசும் விசாரணைக் குழுவும் தீர்மானித்தார்கள். போக மாட்டேன் என்று அவள் சொன்னால் அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. அதற்குள் குழந்தை பெற்று, ஒருவிதமாக வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர்களும் இப்படி மீட்கப்பட்டார்கள். டாக்காவில் நடந்ததை இந்த முன்கதையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

யுத்தம் முடிந்தபோது முகாம்களிலிருந்து வெளிவந்தவர்களில் பலர் கர்ப்பமாக இருந்தார்கள். கருக்கலைப்பு, தாயின் உயிரைக் காப்பதற்கு அன்றி, அங்கே குற்றம். 1860இல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு நமக்கு வந்ததுபோலவே அவர்களுக்கும் வந்து சேர்ந்திருந்தது. 1972இல் சில மாதங்களுக்கு மட்டும் இந்தப் பெண்களுக்காக அந்தப் பிரிவு ஒதுக்கிவைக்கப்பட்டது. சேவா சதன் என்ற பெயரில் மருத்துவ விடுதிகள் திறக்கப்பட்டன. வெளிநாட்டிலிருந்து டாக்டர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவரான ஆஸ்திரேலிய டாக்டர் ஜெஃப்ரி டேவிஸ், மாதம் முற்றிய கர்ப்பங்களையே தான் அதிகம் கையாள வேண்டியிருந்தது என்று பின்னாளில் பேட்டியில் சொன்னார். அமெரிக்காவிலிருந்து ஹார்வி கார்மன் வந்தார். இவர் டாக்டர் அல்ல. ஆனால் கருவை உறிஞ்சி எடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை உருவாக்கியவர். 'சூப்பர் காயில்' என்ற பிளாஸ்டிக் சுருளையும் இவர் வங்காள தேசப் பெண்களிடம் பயன்படுத்தினார். அதே 1972 மே மாதம் பிலடெல்பியாவில் அந்தச் சுருள் 15 பெண்களுக்குப் பயன்படுத்தப்பட்டபோது 9 பேருக்குச் சிக்கல் உண்டாயிற்று. அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு நிலையம் விசாரித்தது. மருத்துவப் பத்திரிகையில் அறிக்கை வந்தது. வங்காள தேசத்துப் பெண்கள் விஷயத்தில் இப்படி விசாரணை எதுவும் நடக்கவில்லை. ஆவணங்களும் அழிக்கப்பட்டுவிட்டன. பெண்களின் அடையாளம் வெளியே தெரியாமல் இருப்பதற்காக அழித்ததாகச் சொல்லப்பட்டது.

இங்கே தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. கருக்கலைப்பை நான் குறை சொல்லவில்லை. அந்த விடுதிகள் இல்லாதிருந்தால் இன்னும் எத்தனையோ பேர் கிராமத்து மருத்துவச்சியின் கையிலோ கிணற்றிலோ செத்திருப்பார்கள். அந்தச் சிகிச்சை அவசியமாக இருந்தது. பலர் அதை விரும்பியே வந்தார்கள். யாருடைய தேவைக்காகக் கதவு திறந்தது என்பதுதான் பிரச்னை. கதவு மூடிய விதம் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறது. பெண்ணின் உரிமை என்று கருதித் திறந்திருந்தால் சில மாதத்தில் மூடியிருக்க வேண்டியதில்லை. எதிரியின் விதை களையப்பட்டதும் 312ஆம் பிரிவு பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. மறுபடி 1979இல், ஜனத்தொகைக் கட்டுப்பாட்டின் நிர்ப்பந்தத்தில், 'மாதவிடாய் ஒழுங்குபடுத்தல்' என்ற பெயரில் ஏறக்குறைய அதே சிகிச்சை அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. கர்ப்பம் பரிசோதித்து உறுதி செய்யப்படாதவரை அது கருக்கலைப்பு ஆகாது என்ற வாதத்தில் சட்டம் திருத்தப்படாமலே விடப்பட்டது. இந்தப் பெயர் மாற்றத்தால் லட்சக்கணக்கான பெண்கள் பயனடைந்தது வாஸ்தவம். ஆனாலும் அரசுக்குத் தேவைப்பட்டபோதுதான் பெண்ணுக்குச் சிகிச்சை கிடைத்தது.

பிறந்துவிட்ட குழந்தைகளுக்கு என்று 1972இல் கைவிடப்பட்ட குழந்தைகள் ஆணை ஒன்று பிறப்பிக்கப்பட்டது. அந்த வருஷம் ஜூலையில் 15 குழந்தைகள் தத்துக் கொடுக்கப்பட்டுக் கனடா போய்ச் சேர்ந்தார்கள். வேறு நாடுகளுக்கும் போனார்கள். புனர்வாழ்வுப் பணியில் இருந்த டாக்கா பல்கலைக்கழக வங்காளிப் பேராசிரியை நீலிமா இப்ராஹிம், அந்தக் குழந்தைகளின் ரத்தம் நாட்டுக்கு வேண்டாம் என்ற பொருளில் முஜிப் தன்னிடம் பேசியதாக எழுதியிருக்கிறார். மகள்கள் என்று சொன்ன அதே வாய். குழந்தையைப் பிரிய மனமில்லாமல் அழுத தாய்மார்கள் இருந்தார்கள் என்றும் அங்கே வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 'கைவிடப்பட்ட' என்ற அடைமொழியைச் சட்டம் எழுதியவர்கள் எவ்வளவு சுலபமாகப் போட்டுவிட்டார்கள்! கைவிட்டது யார் என்று சட்டத்தில் இல்லை. சில பெண்கள் பாகிஸ்தான் போர்க்கைதிகளுடன் நாட்டை விட்டே போய்விடத் துணிந்தார்கள். அவர்களைத் தடுக்கப் போன நீலிமா இப்ராஹிம், அவர்களிடம் கேட்டதைப் பின்னால் 1994இல் 'ஆமி பீராங்கனா போல்சி' என்ற நூலாக்கினார். 'வீராங்கனையாகிய நான் பேசுகிறேன்' என்று பொருள். அவள் பேசுவது அச்சில் வர இருபத்திரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

இதற்குள் பட்டத்துக்கு என்ன ஆயிற்று? வங்காளியில் 'பாராங்கனா' என்றும் ஒரு சொல் உண்டு. தமிழ் அகராதியிலும் வாராங்கனை இருக்கிறது. வேசி என்று பொருள். ஊர்க்காரர்களுக்கு ஓர் எழுத்தை மாற்றுவதில் சிரமம் இருக்கவில்லை. அரசாங்கம் கொடுத்த பட்டமே வசையாகத் திரும்பி வந்தது. 1992 மார்ச்சில் டாக்காவில் யுத்தக் குற்றவாளிகளுக்கு எதிராக மக்கள் நீதிமன்றம் என்ற பெயரில் பெரிய கூட்டம் நடந்தது. குஷ்தியாவிலிருந்து மூன்று ஏழைப் பெண்கள் சாட்சிகளாக அழைத்துவரப்பட்டார்கள். அவர்கள் பேசவில்லை, படம் மட்டும் பத்திரிகைகளில் வந்தது. ஊர் திரும்பியதும் ஊரார் அவர்களை ஒதுக்கினார்கள். நல்ல நோக்கத்துக்காகக் கூட்டிப் போனவர்கள், படம் வந்தால் ஊரில் என்ன நடக்கும் என்பதை அவர்களிடம் விசாரித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இந்தச் சம்பவத்தை மானிடவியலாளர் நயனிகா முகர்ஜி 2015இல் வந்த தன் நூலில் விரிவாக ஆராய்கிறார்.

பட்டத்துக்கு இன்னொரு எல்லையும் இருந்தது. அதே யுத்தத்தில் உருது பேசும் பீகாரிப் பெண்களை வங்காளி ஆண்கள் பலாத்காரம் செய்தார்கள். யாஸ்மின் சைக்கியா இவர்களைத் தேடிப் போய்ப் பேசி 2011இல் எழுதினார். இவர்களை யாரும் வீராங்கனை என்று அழைக்கவில்லை. இரு தரப்புப் பெண்ணுடலுக்கும் நேர்ந்தது ஒன்றுதான். ஆனால் ஒருத்தியின் காயம் தேசத்தின் மானமாயிற்று. மற்றவளுடையது கணக்கிலேயே வரவில்லை.

மானம் என்ற சொல்லைப் பற்றி இனிப் பேசலாம். 1949ஆம் வருஷத்து நான்காவது ஜெனீவா உடன்படிக்கையின் 27ஆம் ஷரத்து யுத்த காலத்தில் பெண்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. எதிலிருந்து? அவர்களுடைய மானத்தின் மீதான தாக்குதலிலிருந்து. பலாத்காரம் அத்தகைய தாக்குதலுக்கு ஓர் உதாரணமாகவே அங்கே சொல்லப்படுகிறது. காயம் உடம்பில் விழுகிறது. சட்டம் மானத்தில் கட்டுப் போடுகிறது. மானத்துக்குச் சொந்தக்காரர்கள் தகப்பன், புருஷன், தேசம். இலங்கைத் தமிழரான ராதிகா குமாரசுவாமி ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளராக இருந்தபோது 1998 அறிக்கையில் இந்தக் குறையை எடுத்துச் சொன்னார். அதே வருஷம் செப்டம்பர் 2இல் ருவாண்டா குறித்த சர்வதேச நீதிமன்றம் அகாயேசு வழக்கில் தீர்ப்பளித்தது. பலாத்காரம் இனப்படுகொலையின் செயலாகவே அமையக் கூடும் என்றது. குற்றப்பத்திரிகையில் முதலில் பலாத்காரம் இல்லை. சாட்சிக் கூண்டில் பெண்கள் அதைச் சொல்லத் தொடங்கிய பிறகு 1997இல் சேர்க்கப்பட்டது. மூன்று நீதிபதிகளில் ஒரே பெண், தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நவநீதம் பிள்ளை. சாட்சிகளிடம் அவர் கேள்வி கேட்டார். சரித்திரம் இந்த இடத்தில் சற்று நகர்ந்ததென்றால் அதற்கு அந்தக் கேள்விகளும் காரணம்.

நம் பக்கத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்ப் பத்திரிகைகள் வெகுகாலம் இதற்கு எழுதிய சொல் கற்பழிப்பு. ஜெனீவாவில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கும் நம் உதவி ஆசிரியர்களுக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசமில்லை. அழிந்தது கற்பு என்றால் அவளிடம் மீதி ஒன்றும் இல்லை என்று அர்த்தம். பிறகு அவளை எதற்கு டாக்டரிடம் அழைத்துப் போவது? பாலியல் வன்முறை என்று எழுதுவது இன்று பழகிவிட்டது. சொல் மாறியதும் எல்லாம் மாறிவிடாது என்பதற்கு வங்காள தேசமே சாட்சி. ஆனால் கற்பழிப்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டு காயத்துக்குச் சிகிச்சை கேட்கவே முடியாது.

இந்தியாவில் கருக்கலைப்புச் சட்டம் 1971இல் நிறைவேறி 1972 ஏப்ரல் 1இல் அமலுக்கு வந்தது. டாக்காவில் விடுதிகள் நடந்துகொண்டிருந்த அதே மாதங்கள். பலாத்காரத்தால் உண்டான கர்ப்பம் பெண்ணின் மனநலனுக்குக் கடுமையான கேடு என்று கொள்ள வேண்டும் என்றும், வயது வந்த பெண்ணானால் அவளுடைய சம்மதமே வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. எழுத்தில் இருப்பதெல்லாம் ஆஸ்பத்திரியில் நடக்கிறதா என்பது வேறு விஷயம். அடுத்த வருஷமே, 1973இல், கருக்கலைப்புக்கு வெளிநாட்டு உதவிப் பணம் செலவழியக் கூடாது என்று அமெரிக்கா ஹெல்ம்ஸ் திருத்தத்தைக் கொண்டுவந்தது. 2013இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை, யுத்தத்தில் பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு இனப்பெருக்க நலச் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்று 2106ஆம் தீர்மானத்தில் சொன்னது. 2019 ஏப்ரலில் 2467ஆம் தீர்மானம் வந்தபோது அமெரிக்காவின் மிரட்டலால் அந்தச் சொற்கள் நீக்கப்பட்டன. பெண்களைக் காப்போம் என்ற வாக்கியம் இருந்தது. சிகிச்சையின் பெயர் போய்விட்டது.

நான் வங்கியில் கௌண்டரில் உட்காருகிறவன். பென்ஷன் வாங்க வரும் கிழவியோடு மகனும் வருவான். அவனே சீட்டை நிரப்புவான், அவனே பேசுவான். பணம் அம்மாவுக்குத்தானே என்பான். பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். ஆனாலும் அவனை ஒதுக்கிவிட்டு, 'எவ்வளவும்மா வேணும்?' என்று அவளைக் கேட்க வேண்டும். கணக்கு அவள் பேரில் இருக்கிறது. அன்பும் அக்கறையும் இதற்கு மாற்றாக மாட்டா. டாக்காவில் அன்பும் அக்கறையும் இருந்தன. அவளைக் கேட்பது மட்டும் விட்டுப்போயிற்று.

1999இல் சிற்பி ஃபெர்தௌசி பிரியபாஷிணி தனக்கு நேர்ந்ததைப் பகிரங்கமாகச் சொன்னார். யாரும் அவரை மேடைக்கு அழைத்து வந்து உட்காரவைத்துப் படம் எடுக்கவில்லை, அவரே பேசினார். 2015 அக்டோபரில் வங்காள தேச அரசு வீராங்கனைகளை விடுதலைப் போராளிகளாக அங்கீகரித்து முதல் பட்டியலை வெளியிட்டது. அதில் 41 பெயர்கள் இருந்தன. 44 வருஷம், 41 பெயர்கள். போராளிகளுக்குரிய உதவித்தொகை அவர்களுக்கும் உண்டு என்றாயிற்று. பிரியபாஷிணி 2016இல் அங்கீகாரம் பெற்று 2018 மார்ச்சில் காலமானார். முதல் பட்டம் கேட்காமல் வந்தது. இரண்டாவதற்கு அந்தப் பெண்கள் தாங்களே விண்ணப்பம் போட்டு, நடந்ததைச் சொல்லி, சரிபார்ப்புக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. இதுவும் கொடுமைதான். ஆனால் இந்தத் தடவை காகிதத்தின் அடியில் அவளுடைய ரேகை இருந்தது.