வைட் தீவு: கடலாட வந்தவர்களின் தடம்

இங்கிலாந்தின் தென்கரைக்கு எதிரே, சொலன்ட் நீரிணைக்கு அப்பால் இருக்கிறது வைட் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசியும் அறிஞரும் நோயாளியும் கடலை நாடி அங்கே வந்தார்கள். அந்தக் காலத்தைக் கண்முன் காட்டும் கட்டுமானங்கள் பல இன்று இல்லை. ஷாங்க்ளின் ஊரின் கடற்பாலத்தை 1987 அக்டோபர்ப் புயல் அழித்தது. வென்ட்னர் பாலமும் பின்னர் இடிக்கப்பட்டது. ஆனாலும் ஒரு வழிகாட்டியின் பின்னால் பத்துப்பேர் நடக்கும் மரபு நடைகள் அங்கே செழிப்பாக நடக்கின்றன. அதில் வியப்பில்லை. கட்டடம் போனாலும் மேடு, பள்ளம், வெயில், காற்று எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. கடற்கரை ஊரின் வரலாற்றுக்கு அவையே முதல் சான்று. அவற்றைக் காலால்தான் படிக்க முடியும்.

ரைடு நகரக் கடற்பாலத்தையே எடுத்துக்கொள்வோம். 1814இல் திறக்கப்பட்ட அது, பின்னர் நீட்டிக்கப்பட்டு இன்று ஏறக்குறைய 680 மீட்டர் கடலுக்குள் போகிறது. இவ்வளவு நீளம் எதற்கு? கடல் உள்வாங்கும் வேளையில் போய் நின்றால் விளங்கும். கரையிலிருந்து நெடுந்தூரம் வெறும் ஈரமணல். பாலம் வருவதற்கு முன் படகில் வந்தவர்களை ஆட்கள் தோளில் சுமந்தும் வண்டியில் ஏற்றியும் கரைசேர்த்தார்கள். இப்போது பாலத்தில் நடக்கும்போது மரப்பலகைகளின் இடுக்கில் கீழே நீர் தெரிகிறது. பக்கத்தில் கார் போனால் பலகைகள் தடதடக்கின்றன.

ஆஸ்போர்ன் மாளிகையின் கடற்கரையில் விக்டோரியா அரசியின் குளியல் வண்டி நிற்கிறது. 1847இல் அவர் முதன்முதலாகக் கடலில் குளித்தது இங்கேதான். சக்கரம் வைத்த மர அறை அது. உள்ளே உடை மாற்ற இடமும் கழிப்பறையும் உண்டு. சரிவான மேடையில் வண்டியைக் கடலுக்குள் இறக்குவார்கள். கழுத்தளவு நீர் வரும்வரை முன்தாழ்வாரத்துத் திரை அரசியை மறைக்கும். குளித்து முடித்ததும் கம்பி வடத்தால் வண்டியைக் கரைக்கு இழுப்பார்கள். அரசி மறைந்தபின் இது கோழிக்கொட்டகையாகக் கிடந்து, பிறகு மீட்கப்பட்டது. வடத்தை இழுத்த கைகளைப் பற்றியும் வழிகாட்டிகள் பேசவேண்டும் என்பது என் விருப்பம். குளித்தவரை மட்டும் சொன்னால் பாதி வரலாறுதான்.

மேற்கே ஃப்ரெஷ்வாட்டரில் நம்மவர் நிற்கவேண்டிய வீடு ஒன்று உண்டு. புகைப்படக்கலையின் முன்னோடி ஜூலியா மார்கரெட் கேமரன் வாழ்ந்த டிம்போலா அது. கல்கத்தாவில் பிறந்த அவர் 1875இல் இலங்கைக்குப் போய், 1879இல் அங்கேயே காலமானார். மலையகத்துப் பொகவந்தலாவையில் அவர் கல்லறை இருக்கிறது.

எல்லாவற்றிலும் நடந்து பார்க்க வேண்டியது வென்ட்னர். வடகாற்றைக் குன்று தடுக்க, தெற்கு வெயிலை முழுதாக வாங்கும் சரிவில் அமைந்த ஊர். பின்னாளில் விக்டோரியாவின் மருத்துவரான ஜேம்ஸ் கிளார்க், மார்புநோய்க்கு ஏற்ற இடமென இந்தச் சரிவை 1829இல் வெளிவந்த தம் நூலில் பாராட்டினார். மீனவர் குடிசைகள் இருந்த இடத்தில் விடுதிகள் எழுந்தன. 1866இல் குன்றைக் குடைந்து ரயிலும் வந்தது. சரியாக நூறாண்டு கழித்து, 1966இல், அந்தப் பாதை மூடப்பட்டது. நிலையம் ஊருக்கு மேலே உயரத்தில் இருந்தது. அங்கிருந்து கடலுக்கு இறங்கும் செங்குத்துத் தெருவில் நடந்தால், இருமிக்கொண்டே இறங்கியவர்களின் பாடு நம் முழங்காலுக்குத் தெரியும்.

லண்டனில் உணவுக் கலப்படத்தை நுண்ணோக்கியால் அம்பலப்படுத்திய ஆர்தர் ஹில் ஹாசல், தானும் நுரையீரல் நோயால் வருந்தி இந்தத் தீவுக்கு வந்தவர். அவர் வென்ட்னரில் நிறுவிய காசநோய் மருத்துவமனை 1869இல் தோன்றியது. ஒவ்வொரு நோயாளிக்கும் தெற்கு நோக்கிய தனி அறை என்பது அதன் அடிப்படை. மருந்துகள் வந்து காசநோய் கட்டுப்பட்டதும், 1964இல் மூடப்பட்டது. பிறகு இடித்தே விட்டார்கள். அந்த நிலத்தில் இப்போது தாவரவியல் பூங்கா. நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கச் செடிகள் கண்ணாடிக் கூரை இல்லாமலே அங்கே வளர்கின்றன. நோயாளிகளை அழைத்த அதே வெதுவெதுப்புதான் அவற்றையும் வளர்க்கிறது. எந்த நினைவுப் பலகையாலும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

கார்ல் மார்க்ஸ் உடல்நலம் தேடி 1882இன் இறுதியில் வந்து தங்கியதும் இவ்வூரில்தான். மூத்த மகள் ஜென்னி இறந்த செய்தி 1883 ஜனவரியில் இங்கே அவரை எட்டியது. அதே ஆண்டு மார்ச்சில் அவரும் போய்விட்டார்.

லண்டனில் சட்டம் படித்த காந்தியும் வென்ட்னருக்கு வந்தார். சைவ உணவுக் கூட்டமொன்றில், எழுதிவைத்திருந்த உரையைப் படிக்க எழுந்து, கூச்சத்தால் கண் மங்கி நின்றுவிட்டார். நண்பர் மஜ்முதார் படித்து முடித்தார். இன்னொரு நாள் விடுதிக்கார அம்மாளின் மகள் அவரைக் குன்றுகளுக்கு அழைத்துப்போனார். உயரக் குதிகால் பூட்ஸ் அணிந்தும் அந்தப் பெண் விறுவிறுவென்று நடந்தார்; காந்தியால் ஈடுகொடுக்க முடியவில்லை. இறங்கும்போது இடையிடையே தவழ்ந்துதான் வந்தார். இதை அவரே ‘சத்திய சோதனை’யில் எழுதியிருக்கிறார். ஊருக்குப் பின்னால் நிற்கும் செயின்ட் பானிஃபேஸ் குன்று 241 மீட்டர், தீவிலேயே உயரமானது. நேஷனல் டிரஸ்ட் பராமரிப்பில் இருக்கும் அதில் எவரும் ஏறலாம். சரிவில் புல் வழுக்கும். நல்ல காலணி போட்டுக்கொண்டு போகவேண்டும்.